அரக்குக் கொய்யா

எங்கள் வீட்டில் தறிக்குப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். பிள்ளையார்பாளையத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. கூடத்தில் குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய பள்ளம், அதன் மேல் தறி. பக்கத்தில் ராட்டினம். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் பட்டுக் கட்டு. இவ்வளவுக்கும் மேல் இடம் இருந்தால் பாய் விரிக்கலாம். கல்யாணமாகி வந்த புதிதில் என் டிரங்குப் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டேன். வீட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இப்பத்திக்கு கையிலியே வெச்சிக்கினு இரு" என்றார். அவர் தமாஷ் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கும் முடியாது.

பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. தோட்டம் என்று பெயர். துணி துவைக்கும் கல், ஒரு துளசி, மழைக்காலத்தில் எருக்கு. அங்கேதான் என் கொய்யா மரம் இருந்தது. சைக்கிளில் கன்று விற்றுக்கொண்டு வந்த ஆளிடம் நானே வாங்கி, நானே குழி வெட்டி நட்டது. சிவப்புக் கொய்யா என்று சொல்லித்தான் கொடுத்தார். எப்படி நம்புவது என்று கேட்டதற்கு, காய்த்தால் தெரிந்துபோகிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

அந்த மரத்தின் மேல் எனக்கு ஆசை அதிகம். மறைக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டில் எல்லாமே தறியுடையது. கூடம் தறியுடையது, வெளிச்சம் தறியுடையது, வீட்டுக்காரரும் பெரும்பாலும் தறியுடையவர்தான். தோட்டத்து மூலையில் அந்த மரம் நின்ற இடம் மட்டும் என்னுடையது. மரத்தைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் காலடியில் தண்ணீர் தேங்கினால் தாங்களே நகர்ந்துகொள்வார்கள். மரம் நகராது.

வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை. தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு இரண்டாவது தறி வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்று அளந்து பார்த்தால் எல்லா அளவும் கொய்யா மரத்தில் போய் முட்டியது. மூன்று வருஷமாகக் காய்க்காத மரம் என்பதை அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார். அந்த வருஷம் ஆடியில் முதல்முறையாகப் பூத்தது. நான் கூப்பிட்டுக் காட்டினேன். பூவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாயில வெக்கிற மாதிரி பழம் வந்திச்சின்னா இருக்கட்டும். இல்லன்னா தை மாசம் வெட்டிட்டு கொட்டா போட்ருவேன். அப்பால அழுதுக்கினு நிக்கக் கூடாது."

நான் அழுகிற ஜாதியில்லை. சரி என்றேன். ஐப்பசி பிறக்கும்போது காய்கள் நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தன. அப்போதுதான் மழை பிடித்தது.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று வாய்ப்பாடு போலச் சொல்வோம். மற்ற வருஷங்களில் அது சொல்வதற்கு மட்டும்தான். அந்த வருஷம் நிஜமாகவே பெய்தது. தாமல் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறுகிறது என்று செய்தி வந்து, வேலையில்லாத ஆண்கள் கும்பலாகப் பார்க்கப் போனார்கள். வேலையில்லாதவர் என்றால் தெரு மொத்தமும்தான். மழையில் தறிக்கு ஏற்றும் பாவு நூலை வெளியில் நீட்டிக் கஞ்சி போட முடியாது. சாயம் தோய்த்த நூல் காயாது. ஈரக் காற்றில் பட்டு கையோடு ஒட்டும். ஆக, கை ஓய்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வாய் மட்டும் ஓயவில்லை. அவர்கள் எல்லோருக்கும் என் மரத்தைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது.

ஒருவர் கஞ்சி ஊற்றச் சொன்னார். நூலுக்குப் பலம் கொடுப்பது வேருக்குக் கொடுக்காதா என்று கேட்டார். கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் ஊற்றினேன். மரத்துக்குப் பலம் வந்ததோ இல்லையோ, எறும்புக்கு வந்தது. அதற்குப் பிறகு யார் சொன்னதையும் செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

உண்மையான தொல்லை தண்ணீர்தான். தெருச் சாக்கடை நிரம்பினால் மண்ணுக்குள் இறங்கி எங்கள் தறிக்குழியில் ஊற்றாக வரும். வீட்டுக்காரர் குழிக்குள் இறங்கித் தகர டப்பாவால் மொண்டு வாளியில் ஊற்றி, வாளியைத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கவிழ்ப்பார். தோட்டத்தில் மரத்தடியில் தேங்குவதை நான் மொண்டு, கூடத்தைத் தாண்டிப் போய்த் தெருவில் கொட்டுவேன். தெருவில் கொட்டியது மறுபடி குழிக்கு வரும். ஒரே தண்ணீரைத்தான் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சுமக்கிறோம் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொன்னால், அப்படியானால் நீ மொள்வதை நிறுத்து என்பார். வழியில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழி விட்டுக்கொள்வோம்.

கொய்யா ஓரளவு தண்ணீர் தாங்கும். ஆனால் வேர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் மூச்சு முட்டிப்போகும். மரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடு கட்டினேன். மழை கரைத்தது. உடைந்த செங்கல்லை அணைத்து மறுபடி கட்டினேன். துவைக்கும் கல்லின் பக்கமாக வாய்க்கால் வெட்டினேன். காற்றில் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது முட்டுக் கொடுக்கக் கட்டை தேவைப்பட்டது. பரண் மேல் பழைய படமரம் ஒன்று இருந்தது. நெய்த புடவையைச் சுருட்டிக்கொள்ளும் உருட்டுக் கட்டை. வெடிப்பு விட்டுப்போய்ப் பல வருஷமாகக் கிடந்தது. அதை எடுத்து முட்டுக் கொடுத்துக் கயிற்றால் கட்டினேன். அன்று மாலை வீட்டுக்காரர் தோட்டத்துக்கு வாளியோடு வந்து அதைப் பார்த்தார். உடைந்தாலும் அது தறிச் சாமான் என்றார். ஆமாம் என்றேன். முடிச்சு சரியில்லை என்று சொல்லி, அவிழ்த்து வேறு மாதிரிக் கட்டிவிட்டுப் போனார்.

காய்களுக்கு வேறு ஆபத்து. மழைக்காலக் கொய்யாவில் ஈ துளைத்து முட்டையிடும், பழுப்பதற்குள் உள்ளே புழு வந்துவிடும். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு காய்க்கும் பை தைத்துக் கட்டினேன். கொட்டியது போக நின்றவை கொஞ்சம்தான். தினமும் காலையில் குடையோடு போய் எல்லாப் பையும் இருக்கிறதா என்று பார்ப்பேன். விழுந்து கிடந்தால் அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. காரணமே இல்லாமல் அவர்கள்தான் திட்டு வாங்கினார்கள்.

இப்போது அடுத்த வீட்டுச் சாயக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவர் நூல்தான். நான் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அந்த மழையில் எங்கள் பிள்ளைகளின் துணியெல்லாம் அவர்கள் சாய அடுப்பின் மேல்தான் காய்ந்தது. எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் சாயப்பட்டறைக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். பட்டறைக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர்க் குழி.

கார்த்திகையில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் எங்கள் தோட்டம் அரக்கு நிறத்தில் இருந்தது. யாரோ கல்யாணத்துக்காக அரக்குப் புடவைகள் கேட்டிருக்கிறார்கள், அண்ணா மழையையும் பார்க்காமல் நூல் தோய்த்திருக்கிறார், குழி நிரம்பிச் சுவருக்கு அடியில் புகுந்து எல்லாம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. துவைக்கும் கல் முங்கியிருந்தது. நான் கட்டிய மேடு முங்கியிருந்தது. சிவப்புத் தண்ணீருக்கு நடுவில் வேட்டிப் பைகளோடு என் மரம் நின்றது. அண்ணா சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "கலரு நல்லா வந்துக்கிது இல்லமா?" என்றார்.

அந்தத் தண்ணீர் வடியவே பல நாள் ஆனது. வடிந்த பிறகு இலைகள் மாற ஆரம்பித்தன. முதலில் நரம்பு, அப்புறம் ஓரம், அப்புறம் முழு இலையும் செம்மை ஏறியது. அண்ணா ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். நாக்கில்கூட வைத்தார் என்று நினைக்கிறேன். சாயம் பிடித்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். பட்டுக்குப் பிடிக்கும், பருத்திக்குக்கூடப் பிடிக்கும், உயிரோடு நிற்கிற மரத்துக்குப் பிடித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்று தெருவெல்லாம் சொன்னார். குரலில் வருத்தம் இல்லை. தொழில் பெருமைதான் இருந்தது.

மார்கழி தொடக்கத்தில் முதல் பழம் பழுத்தது. அக்காவைக் கூப்பிட்டேன், வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். கத்தியால் இரண்டாக அறுத்தேன். உள்ளே சிவப்பாக இருந்தது. நல்ல ஆழ்ந்த சிவப்பு.

அக்கா கத்தியை வாங்கிக் கழுவிக் கொடுத்தார். சிவப்புக் கொய்யா என்று சொல்லித்தானே விற்றான் என்று நான் சொன்னேன். விற்கிறவன் ஆயிரம் சொல்லுவான் என்றார் வீட்டுக்காரர். அதற்கு முன்னால் அந்த மரம் காய்த்ததில்லை. அதன் சொந்த நிறம் என்ன என்பதற்கு என்னிடம் சாட்சியில்லை. எங்கள் ஊரில் ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் நான்கு கிளையில் நான்கு ருசி காய்க்கும் என்பார்கள். அதை ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு கொய்யா சிவப்பாக இருக்கிறது என்றால் மட்டும் அத்தனை பேருக்கும் சந்தேகம்.

அந்தப் பழத்தை யாரும் தொடவில்லை. மறுநாள் வீட்டுக்காரர் தச்சரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டினார். அடுத்த நாள் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கின. அவற்றைத் தோட்டத்துச் சுவரில், மரத்துக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. சமைத்தேன், பரிமாறினேன், பேசவில்லை. நான் பேசாமல் இருப்பதை அவர் கவனிக்கிறவர் இல்லை என்பதால் அதுவும் வீணாகத்தான் போனது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொய்யாவில் ஏறியது கிணற்றில் ஏறாதா என்று ஒருவர் கேட்டார். கை பம்பில் துருத் தண்ணீர் எப்போதும் வருவதுதான். அந்த வாரம் அதுவும் சாயமாகிவிட்டது. வயிற்று வலி வந்தவர்களுக்கெல்லாம் காரணம் கிடைத்தது. முனிசிபாலிட்டியில் சொல்லிப் பட்டறையை மூட வைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தபோதுதான் அண்ணாவுக்குத் தன் வாய் செய்த வேலை புரிந்தது. மரத்துக்குச் சாயம் பிடித்தது என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தானே? இல்லை என்று இனி யார் சொன்னாலும் எடுபடாது, அவரே சொன்னாலும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் தெரு ஆட்கள் எங்கள் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. பழத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். அண்ணா சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார். ஒரு கையில் சுடுதண்ணீர்ச் சொம்பு, ஒரு கையில் சாயம் போடாத வெள்ளைப் பட்டு நூல். என்ன செய்யப்போகிறார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாயம் நிற்குமா, போகுமா என்று பார்ப்பதற்கு எல்லோரும் செய்வதுதான். சாயநூலை வெள்ளை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிவார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் சாயம் நல்ல சாயம்.

ஒரு பையை அவிழ்த்துப் பழத்தைப் பறித்துக் கொடுத்தேன். இரண்டாக அறுத்தார். ஒரு பாதியின் சதையைச் சுரண்டி வெள்ளை நூலுக்குள் வைத்து முறுக்கினார், சொம்புக்குள் முக்கினார், பிழிந்தார். நூலை விரித்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். வெள்ளை நூல் வெளிர்சிவப்பாக மாறியிருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என் மரத்தின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"பாத்துக்குங்கப்பா. சாயம் வுடுது" என்றார் அண்ணா. நூலைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். "என் சாயம் வுடுமா? வுடும்னு சொல்றவன் முன்னால வாங்க."

ஒருவரும் வரவில்லை. வர முடியாது. அங்கே நின்ற ஒவ்வொருவர் வீட்டுத் தறியிலும் அவர் தோய்த்த நூல்தான் ஏறியிருந்தது. அந்த நூலில் நெய்த புடவைகள் கடைகளில் அடுக்கில் இருந்தன. அவர் சாயம் போகும் என்று ஒரு நெசவாளி வாய் திறந்து சொன்னால், தன் புடவையைத் தானே தண்ணீரில் முக்கியது போலத்தான்.

"என் சாயம் வுடாது. இது வுடுது. அப்ப இது என் சாயம் இல்ல. பழத்தோட சொந்தக் கலரு."

அப்படியானால் இலை ஏன் சிவந்தது, நீதானே சாயம் பிடித்தது என்றாய் என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் நின்றதில் மரத்துக்குக் குளிர் என்று சொல்லிவிட்டு நூலை உதறினார். கேட்டவர் பின்னால் நகர்ந்துகொண்டார். அவர் தறியில் அப்போது பாதி நெய்த அரக்குப் புடவை இருந்தது.

நிறத்தின் கணக்கு தீர்ந்தது. வாயில் வைக்கிற கணக்கு பாக்கி. அதைக் கிளப்பியது அக்காதான். அதெல்லாம் சரி, யாராவது தின்று காட்டட்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீதிப் பாதியை எடுத்துக் கடித்தேன்.

பழத்தில் ருசி என்று ஒன்று இல்லை. இரண்டு மாத மழையைக் குடித்து ஊறிய பழம். இனிப்பில்லை, புளிப்புகூட இல்லை, ஈரச் சுவரை நக்கியது போல இருந்தது. நடுவில் எதுவோ மெத்தென்று தட்டுப்பட்டது. அது என்ன என்று நான் பார்க்கவில்லை. மென்று விழுங்கினேன்.

"இனிக்குது" என்றேன்.

என் பேச்சை யார் நம்புவார்கள்? மரத்துக்காரி வேறு என்ன சொல்லுவாள்? கூட்டம் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. அவர் கொட்டகை போடப்போவது எல்லோருக்கும் தெரியும். சவுக்குக் கட்டைகள் அங்கேயே சாய்ந்திருந்தன. அந்தப் பழம் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னால் அதில் அவருக்கு நஷ்டம்தான். அதனால் அவர் சொல்வதுதான் சாட்சி.

அவர் என் கையிலிருந்து மிச்சத்தை வாங்கினார். கடித்தார். நெடுநேரம் மென்றார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும், சாயங்காலத்துக்குள் மரம் தரையில் கிடக்கும்.

"சக்கரையாட்டம் இருக்குதுபா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு மீதியையும் ஒன்று விடாமல் தின்று முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, சவுக்குக் கட்டைகளைத் தெருப் பக்கம் கொண்டுபோய் வைக்க ஒரு கை பிடிக்கச் சொன்னார்.